ஈயக் கர்னலுக்கு ஒரு கோபம்

ஆடி முடித்த ஆட்டங்களில் முதலில் மறந்துபோவது வெற்றி தோல்விதான். பகடையில் என்ன விழுந்தது என்பது மறுநாள் காலையே போய்விடும். எந்தக் குன்றை யார் பிடித்தார்கள் என்பது அடுத்த மாதத்துக்குள் கலங்கிவிடும். பல ஆண்டுகள் மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்திய பிறகு நினைவில் மிச்சம் இருப்பவர்கள் சில அதிகாரிகள் மட்டுமே. கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஈய மனிதர்கள். ஒருவன் யார் சொன்னாலும் பின்வாங்க மாட்டான். இன்னொருவனுக்குப் பக்கத்துப் படைப்பிரிவின் தளபதியைக் கண்டாலே ஆகாது. வேறொருவன் கெட்டிக்காரன், ஆனால் மதியத்துக்கு மேல் அவனை நம்பக் கூடாது. இவர்கள் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை. பெயரும் குணமும் ஆடுபவர்கள் இட்டவை. வரலாற்றுப் போரை ஆட உட்கார்ந்த வளர்ந்த மனிதர்கள், அந்தப் போரில் இல்லாத ஒருவனுக்கு முன்கோபத்தையும் கடன்தொல்லையையும் கற்பித்துக்கொண்டிருப்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆட்டக்காரர்களிலேயே பலர் இதைச் சீருடைக்குப் பொத்தான் வரைவதுபோல நினைக்கிறார்கள்: இருந்தால் அழகு, இல்லாவிட்டால் குறைவில்லை. எனக்கு அதில் சம்மதமில்லை. மேசைமேல் நடப்பது நடந்த போரின் ஏதாவது ஒரு பக்கத்தையாவது ஒத்திருக்க வேண்டுமானால் இந்தக் கற்பனைக் குணங்கள் இல்லாமல் முடியாது என்பது என் கட்சி.

ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆறடிக்கு நாலடி மேசை. பச்சைத் துணி விரித்து, தெர்மாகோலில் குன்றுகள் செய்து, நீலத் துணிக் கீற்றை ஆறாக ஓடவிட்டிருப்பார்கள். நெப்போலியன் காலத்துப் படை என்றால் ஒரு பட்டாலியனுக்கு இருபது, இருபத்து நாலு பொம்மைகள். ஒவ்வொன்றும் இருபது முப்பது பேருக்குச் சமம் என்று கணக்கு. அளவுநாடா, பகடை, ஒரு விதிப்புத்தகம். காலாட்படை ஒரு முறைக்கு எவ்வளவு நகரும், துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும், எத்தனை பேர் விழுந்தால் மிச்சமிருப்பவர்கள் மனம் உடைந்து ஓடுவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதற்கு மூதாதை சதுரங்கம். 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கித்தான் இப்படிப்பட்ட ஆட்டங்கள் பிறந்தன. சதுரங்கத்தில் மந்திரி சொன்ன இடத்துக்குச் சொன்னபடி போவார். யானைக்கும் குதிரைக்கும் மனஸ்தாபம் கிடையாது. வெட்டுப்படப் போகிறோம் என்று தெரிந்தும் சிப்பாய் முணுமுணுக்காமல் ஒரு கட்டம் முன்னே வைப்பான். மேசைப் போர் கட்டங்களை உதறிவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது. அந்தக் கீழ்ப்படிதலை உதறுவது அத்தனை சுலபமாக இருக்கவில்லை.

கீழ்ப்படிதலோடு சேர்ந்த இன்னொரு பொய், ஆடுபவரின் பார்வை. மேசைக்கு மேலே நிற்பவருக்கு எல்லாம் தெரிகிறது: குன்றுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் குதிரைப்படை, எதிரியின் கடைசி பட்டாலியன், இரண்டு படைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி அங்குலக் கணக்கில். எந்தத் தளபதிக்கும் கருடனின் கண் வாய்த்ததில்லை. இது பிரஷ்ய ராணுவத்தாருக்கு அப்போதே உறைத்திருக்கிறது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர் தம்முடைய போர்விளையாட்டு மேசையை அரசர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியத்துக்குக் காட்டினார். அவருடைய மகன், ராணுவ அதிகாரி, 1824இல் அதை வரைபடத்தின் மேல் ஆடும் ஆட்டமாக மாற்றி விதிகளை வெளியிட்டார். 'கிரீக்ஸ்பீல்' என்று பெயர். அதன் உயிர் நடுவரிடம் இருந்தது. இரண்டு தரப்பும் ஆணைகளை எழுதி நடுவரிடம் கொடுக்கும். எது எப்போது போய்ச் சேர்ந்தது, யார் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பதை அவர் தீர்மானிப்பார். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற ஜெனரல், விதிகளின் பாரத்தைக் குறைத்து நடுவரின் அனுபவத்துக்கே இன்னும் அதிகமாக விட்டுவிடலாம் என்று வாதிட்டார். ராணுவக் கல்லூரிக்கு இது சரி. அங்கே உட்காரச் சொன்னால் உட்கார ஒரு மேஜர் கிடைப்பார். வீட்டு மேசைக்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஆடாமல் தீர்ப்பு மட்டும் சொல்ல யார் வருவார்? நடுவர் இல்லாத வீட்டில் நடுவர் வேலையைப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பெயரும் குணமும் பெற்ற ஈய அதிகாரி. ஆட்டக்காரருக்குத் தெரிந்தது எல்லாம் இவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொன்னபடி செய்வான் என்று உறுதியில்லை. ஆட்டக்காரருடைய கைக்கும் பொம்மைக்கும் நடுவில் இன்னொரு மனிதன் நிற்கிறான்.

அப்படி ஒரு மனிதன் உண்மையான போர்க்களங்களில் நின்றதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1854 அக்டோபர் 25, கிரிமியாவில் பாலக்ளாவா. உயரத்தில் நின்ற பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபுவுக்கு, ரஷ்யர்கள் தாங்கள் கைப்பற்றிய பீரங்கிகளைக் கொண்டுபோகப் பார்ப்பது தெரிந்தது. அதைத் தடுக்கச் சொல்லி எழுத்தில் ஆணை போயிற்று. கீழே பள்ளத்தாக்கில் இருந்த குதிரைப்படைத் தலைவர் லூக்கனுக்கு அந்தப் பீரங்கிகள் கண்ணில் படவில்லை. ஆணையைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் குதிரைப்படையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். குதிரைப்படை சும்மா நிறுத்திவைக்கப்பட்டிருப்பதில் வெந்துகொண்டிருந்தவர். எந்தப் பீரங்கி என்று லூக்கன் கேட்டதற்கு அவர் கையை வீசிக் காட்டிய திசை பள்ளத்தாக்கின் கோடி. லூக்கனின் கீழே லகு குதிரைப் பிரிகேடுக்குத் தலைவர் கார்டிகன். லூக்கன் மணந்தது கார்டிகனின் தங்கையை. இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. பேசியிருந்தால் அரை நிமிடத்தில் தெளிந்திருக்கக்கூடிய ஆணைக்கு, மூன்று பக்கமும் பீரங்கிகள் இருந்த பள்ளத்தாக்கினுள் ஏறத்தாழ 670 குதிரைவீரர்கள் போனார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். இந்தப் போரை விதிப்புத்தகத்தின்படி மட்டும் ஆடினால் இது நடக்கவே நடக்காது. லகு குதிரைப்படையை நேரே பீரங்கி வாயில் ஓட்ட எந்த ஆட்டக்காரருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. நகரும் தூரமும் சுடும் தூரமும் எல்லாம் சரியாக இருந்தும் அந்த மேசையில் பாலக்ளாவா இல்லை. இரண்டு மைத்துனர்களின் பகையையும் ஒரு கேப்டனின் பொருமலையும் உள்ளே விட்டால்தான் அது வரும்.

பொம்மைக்குக் குணம் கொடுப்பது பெரியவர்கள் கண்டுபிடித்த வழக்கமும் இல்லை. 1826 ஜூன் மாதம் பாதிரியார் பேட்ரிக் பிரான்டி லீட்ஸ் நகரிலிருந்து தம் மகன் பிரான்வெல்லுக்கு மரச் சிப்பாய்கள் வாங்கிவந்தார். பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு முதலில் செய்த காரியம் பெயர் வைத்தது. ஷார்லட் தன்னுடையதை வெலிங்டன் பிரபு என்றாள். பிரான்வெல் தன்னுடையதை போனபார்ட் என்றான். எமிலியின் பொம்மை முகத்தில் ஒரு கடுமை இருந்ததால் அதற்கு அப்படியே ஒரு பெயர். அந்தச் சிப்பாய்களிலிருந்துதான் கிளாஸ் டவுன், ஆங்கிரியா, கோண்டால் என்று கற்பனை நாடுகள் முளைத்தன. 1880களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நோய்க்காகத் தங்கியிருந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், வளர்ப்பு மகன் லாயிட் ஆஸ்போர்னோடு மாடி அறைத் தரையில் நாள்கணக்கில் போர் ஆடினார். நடந்த சண்டைகளுக்கு அவர் இரண்டு கற்பனைச் செய்தித்தாள்கள் நடத்தினார்: 'கிளென்டரூல் டைம்ஸ்', 'யல்லபாலி ரெக்கார்ட்'. இரண்டாவது பத்திரிகை தளபதிகளைக் கண்டபடி ஏசுகிற மஞ்சள் பத்திரிகை. கடைசியில் அதன் ஆசிரியர் தூக்கிலிடப்பட்டுப் பத்திரிகையும் நின்றதாகக் கதை போகிறது. (எல்லாப் படைத்தளபதிகளுடைய அந்தரங்க ஆசையும் அதுதான் போலும்.) 1913இல் ஆங்கில எழுத்தாளர் வெல்ஸ் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' புத்தகத்தில், ஒரு சண்டையை விவரிக்கும்போது அவரே தற்பெருமைக்கார ஜெனரலாக வேடம் கட்டிக்கொண்டு பேசுகிறார். விதிகளை எழுதும்போது தெளிந்த மனிதர். போரை எழுதும்போது மீசை முறுக்குகிறவர். ஒரே ஆள்தான். மூன்று இடத்திலும் ஒன்று பொது: கதை சொல்ல வேண்டி வந்த இடத்தில் பெயரும் சுபாவமும் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. நினைவுக்குத் தொங்க ஓர் ஆணி வேண்டும். எண்ணிக்கை அதற்கு உதவாது.

இந்த இயல்பை முறையாக்கியவர் இங்கிலாந்தின் டோனி பாத். பண்டைக் காலப் போர்களை ஆடுபவர்களுக்காக 1965இல் ஒரு சங்கம் தொடங்கியவர். ஹைபோரியா என்ற கற்பனைக் கண்டத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒரே போர்த்தொடரை நடத்திய அவர், ராஜாக்களுக்கும் தளபதிகளுக்கும் குணம் நிர்ணயிக்கச் சீட்டுக்கட்டைப் பயன்படுத்தினார். ஆர்ட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று ஒவ்வொரு சாதிச் சீட்டும் ஒவ்வொரு வகைச் சுபாவத்தைக் குறிக்கும். எண் கூடினால் குணம் கூடும். 1973இல் இந்த முறையைப் புத்தகமாகவே எழுதிவைத்தார். அதே ஆண்டு டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் தனியாக ஆடுபவர்களுக்கென்று ஒரு புத்தகம் போட்டார். இந்த இரண்டும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு. தனியாக ஆடுபவருக்கு எதிரில் ஆள் இல்லை. தன் வலது கை போடும் திட்டம் இடது கைக்கு முன்கூட்டியே தெரியும். அந்தத் திட்டத்துக்கு நேர்மையாக எதிர்த்திட்டம் போட வேண்டுமானால், 'நானாக இருந்தால் என்ன செய்வேன்' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'இந்தச் சோம்பேறிக் கிழவன் என்ன செய்வான்' என்று கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் முதல் கேள்வியின் பதிலைவிட மோசமாக இருக்கும். தன் சாமர்த்தியத்தைத் தன்னிடமிருந்தே ஒளித்துவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எந்தக் குணம் வேலை செய்கிறது, எது செய்யாது என்று பழகப் பழகத்தான் பிடிபடும். தனிமனிதனோடு முடிந்துவிடும் குணங்கள் அநேகமாக வீண். 'தைரியசாலி' என்றால் பகடையில் ஒன்று கூடுகிறது. 'கோழை' என்றால் ஒன்று குறைகிறது. சாயம் பூசிய கூட்டல் கழித்தலுக்குக் குணம் என்று பெயர் வைத்ததுதான் மிச்சம். இன்னொருவரைத் தொடுகிற குணம் வேறு மாதிரி. மூத்தவன் தான் என்று இரண்டு கர்னல்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவதா வேண்டாமா என்பதே போரின் முதல் முடிவாகிவிடும். கடனில் இருக்கும் கேப்டன் எதிரியின் சாமான் வண்டிகளைத் தாண்டிப் போக மாட்டான். போன சண்டையில் பயந்தவன் என்று பேரெடுத்தவன் இந்தச் சண்டையில் உத்தரவுக்குக் காத்திருக்க மாட்டான். இதில் கடைசி வகை எனக்கு மிகவும் பிடித்தது. அது சீட்டில் வருவதில்லை, மேசையே கொடுப்பது. குணத்தைப் போருக்கு முன்னால் முழுவதும் எழுதிவைப்பதைவிடப் பாதியை எழுதிவிட்டு மீதியை நடந்ததன் கணக்கில் சேர்ப்பது நல்லது. 'அட் த ஷார்ப் எண்ட்' என்ற இரண்டாம் உலகப்போர் விதித்தொகுதி இதைக் கச்சிதமாகச் செய்கிறது. அதில் ஒரு பிளாட்டூன் தலைவனுக்கு மூன்று கணக்குகள்: அவனைப் பற்றி அவனுடைய ஆட்கள் என்ன நினைக்கிறார்கள், மேலதிகாரி என்ன நினைக்கிறார், அவனுக்கே மனம் எப்படி இருக்கிறது. ஆட்களைக் காப்பாற்றினால் முதல் கணக்கு ஏறும். குன்றைப் பிடித்தால் இரண்டாவது ஏறும். இரண்டும் ஒன்றாக ஏறுவது அபூர்வம். அரசு அலுவலகத்தில் நடுவாந்தரப் பதவியில் இருந்த எவருக்கும் இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் பலமானது திறமையைப் பற்றியது. சீட்டில் உருப்படாத தளபதி வந்து, அவனால் தோற்றால் அது என்ன நியாயம்? ஆட்டம் அறிவுக்குத்தானே, அதிர்ஷ்டத்துக்கு வேறு இடம் இல்லையா? தாயம் விழாமல் காய் இறங்காது என்பது தாயக்கட்டத்துக்குச் சரி, போரை ஆராய வந்தவர்களுக்கும் அதுதானா? ஆனால் போர் பற்றி ஆழமாக யோசித்த கிளாஸ்விட்ஸ், காகிதத்தில் எளிதாக இருப்பதெல்லாம் களத்தில் கடினமாகிவிடுவதற்கு 'உராய்வு' என்று பெயரிட்டு, காகிதப் போரையும் உண்மையான போரையும் பிரிப்பது பெரும்பாலும் அதுவே என்றார். அந்த உராய்வில் பாதி மனிதர்களால் வருவது. உராய்வே இல்லாத மேசையில் வெளிப்படும் திறமை அளவுநாடாவைச் சரியாகப் படிக்கிற திறமை. மேலும், எறியும் பகடைக்கும் முன்கூட்டியே தெரிந்த குணத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பகடை விழும்போதுதான் தெரியும். இடப்பக்கத்துப் பிரிகேடியர் எதற்கும் தயங்குபவன் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தெரியும். அப்படியானால் அவனை எங்கே வைப்பது, அவனுக்கு எவ்வளவு குறைவாக வேலை கொடுப்பது, யாரை அவன் பக்கத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் திறமையின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. இருக்கிற ஆட்களை வைத்து வேலை வாங்குவதுதான் தளபதியின் தொழில். இந்த மறுப்பில் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்: குணம் ஆட்டத்தை எப்போதாவது வளைக்க வேண்டும், எப்போதும் முறிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் பகடை எறிந்து கர்னல் கேட்கிறானா கேட்கவில்லையா என்று பார்க்கிற விதிகள் சலிப்பானவை. அங்கே நடப்பது போர் இல்லை, மழலையர் வகுப்பு.

இரண்டாவது மறுப்பு வரலாற்றை நேசிப்பவர்களிடமிருந்து வருகிறது: நடந்ததை ஆடும்போது நடக்காத மனிதர்களைப் புகுத்துவது பொய். அவர்கள் சொல்லும் மாற்று, உண்மையான தளபதிகளுக்கு வரலாறு கொடுத்த மதிப்பெண்ணை இடுவது. பெரும்பாலான விதிப்புத்தகங்கள் இதைத்தான் செய்கின்றன; டாவூ அருமை, இன்னார் சுமார், இன்னார் மோசம். பார்க்கக் கற்பனையே கலக்காத நேர்மைபோல இருக்கிறது. குரூஷியை எடுத்துக்கொள்வோம். 1815 ஜூன் 18ஆம் தேதி வாட்டர்லூவின் பீரங்கிச் சத்தம் காதில் விழுந்தும், அந்தப் பக்கம் போகலாம் என்று ஜெரார் வற்புறுத்தியும், பிரஷ்யர்களைத் துரத்தச் சொன்ன நெப்போலியனின் ஆணையைப் பிடித்துக்கொண்டு போகாமல் நின்ற மார்ஷல். மேசையில் அவருக்கு 'மந்தம்' என்ற மதிப்பெண் இரண்டு நூற்றாண்டாக விழுந்துகொண்டிருக்கிறது. ஆனால் அதே குரூஷி 1807இல் ஃபிரீட்லாந்தில் குதிரைப்படையை நடத்தியதிலும், 1814இல் வோஷாம்பில் பிளூஷரின் படைமேல் பாய்ந்ததிலும் மந்தம் எதுவும் இல்லை. வாட்டர்லூ தோற்றபிறகு, சுற்றிலும் எதிரி இருக்க, ஏறத்தாழ முப்பதாயிரம் பேரைக் குலையாமல் நாமூர் வழியாகப் பிரான்சுக்கு மீட்டுக்கொண்டு போனவரும் அவரே. மதிப்பெண் போடுகிறவர் ஒரு பிற்பகலை எடுத்து அதை ஒரு மனிதனின் சுபாவமாக்கிவிடுகிறார். முடிவு தெரிந்தவன் போடும் மதிப்பெண் அது. முடிவைக் காரணமாக மாற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பிறகு அதே முடிவு வந்தால் வரலாறு சரியாக இருக்கிறது என்று திருப்திப்படுகிறோம். இதுவும் கற்பனைதான், தன்னைக் கற்பனை என்று சொல்லிக்கொள்ளாத கற்பனை. பெயர் தெரியாத பட்டாலியன் மேஜருக்கு நான் கொடுக்கும் பிடிவாதம், யாருடைய பெயரையும் கெடுப்பதில்லை. அந்த இடத்தில் ஒருவன் இருந்தான், அவனுக்கு ஏதோ ஒரு சுபாவம் இருந்தது, அது எது என்று தெரியாது என்ற மூன்றையும் அது ஒருசேர ஒப்புக்கொள்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியமான வேலை இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவில் வரும் வல்லவரையர் வந்தியத்தேவருக்குக் கல்கி 1950களில் துடுக்கும் அசட்டுத் துணிச்சலும் கொடுத்தபோது, கல்வெட்டைப் பொய்யாக்கிவிட்டார் என்று யாரும் வழக்குப் போடவில்லை. கல்வெட்டு எங்கே முடிகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இது மெல்ல மெல்ல நாடகமாகிவிடும், போர் பின்னுக்குப் போய்விடும் என்ற பயமும் சிலருக்கு உண்டு. பயத்தில் நியாயம் இருக்கிறது, நடந்தும் இருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நெப்போலியன் காலத்து ஆட்டம் ஒன்றை நடத்தியபோது, பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊரின் நகரத் தலைவர் முதலாகப் பலருடைய பாத்திரங்களை ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். படைகள் சந்திக்கும் முன்பே ஊருக்குள் சூழ்ச்சியும் சவாலும் கிளம்பி ஆட்டம் கைமீறிவிட்டது. தோல்வி என்றே அவர் நினைத்தார். ஆடியவர்கள் இன்னொரு முறை என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன் அந்த விதையைக் கொண்டுபோய் வளர்க்க, 1974இல் கேரி கைகாக்ஸும் அவரும் சேர்ந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டார்கள். குணம் படையை விழுங்கிவிட்டது என்று சொல்லலாம். அது வேறு ஆட்டம், நல்ல ஆட்டம். எனக்கு வேண்டியது அது இல்லை. அதிகாரி ஆட்டக்காரருடைய முகமூடியாகிவிடும்போது அவருடைய ஆசையைத்தான் செய்வான். ஆட்டக்காரரை மறுக்கிறவனாக இருக்கும்வரைதான் போர்விளையாட்டில் அவனுக்கு வேலை.

இதைவிட எனக்குச் சங்கடம் தருவது வேறொன்று. யாருக்குக் குணம் கொடுக்கிறோம் என்று கணக்கெடுத்தால், தொப்பியில் இறகு வைத்தவர்களுக்குத்தான். அதுவும் எப்படிப்பட்ட குணம்? பிரஷ்யன் விறைப்பு, பிரெஞ்சுக்காரன் பகட்டு, ஆங்கிலேயன் அசட்டுக் கண்ணியம். சோம்பலான கற்பனை எப்போதும் சாதிக்கொரு குணம் என்று பிரித்துவிடும். சீட்டு எடுப்பதில் உள்ள ஒரு நன்மை, அது எந்த நாட்டையும் பார்ப்பதில்லை. இந்தியப் போர்களை ஆடும்போது இது இன்னும் கூர்மையாகிறது. 1803 செப்டம்பர் 23, அசாயே. ஆர்தர் வெல்லெஸ்லி கைட்னா ஆற்றைக் கடந்து, ஹனோவர்காரர் போல்மன் நடத்திய மராத்தியக் காலாட்படையைத் தாக்கிய போர். மேசைக்காரர்களுக்குப் பிடித்தமான போர்களில் ஒன்று. வலப்பக்கத்தில் முன்காவல் பிரிவை நடத்திய லெப்டினன்ட் கர்னல் ஆராக், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் பீரங்கிகள் நிறைந்த அசாயே கிராமத்தை நோக்கியே போய்விட்டார். அவருக்குப் பின்னால் போன 74ஆம் ஹைலேண்ட் ரெஜிமென்ட் ஏறக்குறைய அழிந்தது. வெல்லெஸ்லியின் இழப்பு கொல்லப்பட்டவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்த்து 1,500க்கு மேல். சில வாரங்கள் கழித்து இந்தப் போரைப் பற்றி அவர் எழுதிய கடிதம் தாமஸ் மன்றோவுக்கு. சென்னையில் தீவுத்திடலருகே குதிரைமேல் சிலையாக நிற்கும் அதே மன்றோ. ஆராக்கின் தவறால் வந்த விளைவுக்கு வருந்துவதாகவும், ஆனால் அன்று அவர் தம் ஆட்களை நடத்திப்போனதைவிடக் கடுமையான குண்டுமழைக்குள் ஒருவரால் நடத்திப்போயிருக்க முடியாது என்றும் அதில் எழுதுகிறார். தவறும் தைரியமும் ஒரே நடையில் இருந்தன என்று அந்தத் தளபதிக்குத் தெரிந்திருந்தது. ஆராக்குக்கு 'முட்டாள்' என்று மதிப்பெண் இடும் விதிப்புத்தகங்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் கடிதத்தில் வராதவர்கள் ஆராக்கின் பின்னால் நடந்தார்கள். முன்காவல் பிரிவு என்பது பல பட்டாலியன்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை எடுத்துச் சேர்ப்பது. மெட்ராஸ் காலாட்படையின் சிப்பாய்கள் அதில் இருந்தார்கள். தமிழும் தெலுங்கும் தக்கணியும் பேசியவர்கள். அவர்களுக்கு மேலே ஹவில்தார், ஜமேதார், சுபேதார். இழப்புப் பட்டியல்களில் ஐரோப்பிய அதிகாரிகள் பெயராக வருவார்கள், இவர்கள் எண்ணாக வருவார்கள். மேசையிலும் அப்படித்தான். கர்னலுக்குக் கோபமும் மைத்துனன் பகையும் உண்டு. சுபேதார் வரிசையின் ஓரத்தில் சாயம் பூசிய ஒரு பொம்மை. அதிகாரிகளுக்குக் குணம் கற்பிப்பது போரைச் சீமான்களின் விளையாட்டாக்குகிறது என்று யாராவது சொன்னால் இந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை, திருத்தம்தான் இருக்கிறது. ஆராக்குக்குச் சீட்டு எடுக்க வேண்டாம். அவருக்கு வரலாறு ஏற்கெனவே ஒரு சீட்டை அழுத்தமாகக் கொடுத்துவிட்டது. அவருக்குப் பின்னால் பத்தடியில் வரும் சுபேதாருக்கு எடுக்கலாம். இருபது வருஷ நௌகரி என்று வைத்துக்கொள்வோம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் உடைந்த மதிலில் ஏறியவர். பிரிவு வலப்பக்கமாக விலகிப்போவது வெகுமுன்பே அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். விதி இப்படி: கேட்டால் சொல்வார், கேட்காமல் சொல்ல மாட்டார், கேட்பதா இல்லையா என்பது கர்னலின் பகடை. ஆறு விழுந்தால் கேட்பார். மற்ற ஐந்துக்கும் சுபேதார் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு கிராமத்தைப் பார்த்து நடக்கிறார்.